ரேஞ்சர்களுக்குத் தமிழ் கொடுத்தவர்கள்

சிறுவயதில் பார்த்த சூப்பர் ஹீரோ தொடரை ஒவ்வொரு எபிசோடாகத் திரும்பப் பார்த்துப் பேசும் பாட்காஸ்ட் இப்போது தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. ‘ஸ்மால்வில்’ தொடரில் இளம் சூப்பர்மேனாக நடித்த டாம் வெல்லிங்கும் லெக்ஸ் லூதராக நடித்த மைக்கேல் ரோசன்பாமும் 2022-இல் ‘டாக் வில்’ என்ற பெயரில் இதைத்தான் தொடங்கினார்கள். தமிழில் இதற்கு ஏற்ற தொடர் எது என்று கேட்டால், ‘பவர் ரேஞ்சர்ஸ் எஸ்.பி.டி.’ என்று பலர் யோசிக்காமல் சொல்வார்கள். 2000-களின் நடுவில் டூன் டிஸ்னி, ஜெடிக்ஸ் வழியாகத் தமிழ்ப் பேச்சோடு வீட்டுக்குள் வந்த தொடர் அது. ஆனால் இன்று பாட்காஸ்ட் செய்ய உட்காருபவர் திறப்பது தெளிவான ஆங்கிலப் பதிவை. தமிழ்ப் பதிவைத் தேடினால், ரசிகர்கள் யாரோ ஏற்றிவைத்த மங்கலான துண்டுகள்தான் பெரும்பாலும் அகப்படுகின்றன. ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு ‘என் பால்யம்’ என்று உருகுபவர், உண்மையில் அந்தத் தொடரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். தமிழ்ப் பாட்காஸ்டுக்கு உரிய பொருள் ஆங்கில எஸ்.பி.டி. அல்ல, அதன் தமிழ் வடிவமே என்பது என் வாதம்.

ஆங்கிலம்தானே மூலம், டப்பிங் வெறும் நகல்தானே என்பார்கள். பவர் ரேஞ்சர்ஸ் விஷயத்தில் இந்தப் பேச்சு எடுபடாது. 1993-இல் ஹைம் சபானின் நிறுவனம் அமெரிக்காவில் கொண்டுவந்த முதல் தொடரே, முந்தைய ஆண்டு ஜப்பானில் வெளியான ‘ஜூரேஞ்சர்’ தொடரின் சண்டைக் காட்சிகளை எடுத்துக்கொண்டு, ஹெல்மெட் முகமூடி இல்லாமல் நடிகர்களின் முகம் தெரியும் காட்சிகளை மட்டும் புதிதாகப் படமாக்கி ஒட்டியதுதான். 2005-இல் வந்த எஸ்.பி.டி.க்கு ஜப்பானின் ‘டெக்காரேஞ்சர்’ அடித்தளம். புதிய காட்சிகள் நியூசிலாந்தில் எடுக்கப்பட்டன. ஜப்பானியப் படத்தின் மேல் ஆங்கிலக் கதை, அதன் மேல் தமிழ்ப் பேச்சு. இரண்டாம் அடுக்கை மூலம் என்று கும்பிட்டுவிட்டு மூன்றாம் அடுக்கை மட்டும் நகல் என்று ஒதுக்குவது என்ன நியாயம்?

தொழில்நுட்பமாகவும் இதில் ஒரு ருசியான சங்கதி உண்டு. டப்பிங் வசனம் எழுதுபவருக்குப் பெரிய தலைவலி வாயசைப்பு. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வந்து உட்காரும். திரையில் வாய் மூடும் இடத்தில் பேச்சையும் முடித்தாக வேண்டும். ஆனால் ஹெல்மெட் போட்ட ரேஞ்சருக்கு வாயே தெரியாது. தலையாட்டலும் கையசைப்பும்தான். அமெரிக்கர்கள் ஜப்பானியச் சண்டையைத் தமதாக்கிக்கொள்ள உதவிய அதே முகமூடி, தமிழ் எழுத்தாளருக்கும் தாராளமாக இடம் விட்டது. முகமூடிக் காட்சியில் தமிழ் எப்படி ஓடுகிறது, முகம் தெரியும் காட்சியில் எங்கே திணறுகிறது என்று ஒப்பிட்டாலே பல எபிசோடுகள் பேசலாம். மொழி செயற்கையாக இருந்தது, தொடரே பொம்மை விற்க வந்தது என்ற புகார்களை நான் மறுக்கவில்லை. செயற்கைத் தமிழ் எப்படி உருவானது, ஒரு தலைமுறையின் கிண்டல் பேச்சில் அது எப்படிக் கலந்தது என்பதும் பேச வேண்டியதுதானே!

யார் பார்த்தார்கள் என்ற கேள்வியும் இந்தத் தமிழ் வடிவத்தின் கதைதான். ‘நைன்டீஸ் கிட்ஸ்’ எல்லோரும் ஒரே திரைமுன் வளர்ந்ததுபோல நடக்கும் பேச்சு பாதி கற்பனை. 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்-டாப் பாக்ஸ் கட்டாயமானது. நகரத்தில் பல வீடுகள் அதை வாங்கவில்லை. ஆக, சென்னை கோபாலபுரத்தில் அந்தப் பெட்டி இல்லாத ஒரு வீட்டுக் குழந்தைக்குக் கிடைக்காத சேனல், வெளியூரில் சாதாரண கேபிளில் வந்திருக்கலாம். பிறகு கருணாநிதி முதல்வரானதும், 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. 2007-இல் தமிழ்ச் சிறுவர் சேனலான சுட்டி டிவி வந்தது. தமிழ் பேசும் கார்ட்டூன்களுக்கும் சாகசத் தொடர்களுக்கும் இவ்வளவு பெரிய பார்வையாளர் கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்பதற்கு இந்த அரசியலையும் சொல்லியாக வேண்டும்.

வேடிக்கையாக ஒரு மணி நேரம் பேசுவதை ஆராய்ச்சியாக்கி ஏன் கெடுக்க வேண்டும் என்ற ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. வேடிக்கை கெடாது. அமெரிக்கப் பாட்காஸ்டுகள் சுவைப்பதே நடிகர்கள் வந்து படப்பிடிப்புக் கதை சொல்வதால்தான். எஸ்.பி.டி. நடிகர்களை இங்கே அழைப்பது கடினம்; சென்னை டப்பிங் கலைஞர்களுக்கோ சங்கமே இருக்கிறது. சிவப்பு ரேஞ்சருக்குக் குரல் தந்தவர் யார், வசனத்தைத் தமிழில் எழுதியவர் யார் என்று சங்கத்தில் விசாரித்து, அவர்களை மைக் முன் உட்கார வைக்கலாம். காட்சித் துண்டுகளைப் போட்டால் காப்புரிமைத் தொல்லை வரும் என்ற பயம் இருக்கலாம். விமர்சனத்துக்காக அளவோடு எடுத்தாள 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது; வசனத்தை எழுதியவரே எதிரில் உட்கார்ந்து பேசும்போது துண்டுகளும் அதிகம் தேவைப்படாது.