பாபநாசத்துக்கு ஒரு வெப்பக் கண்

2024 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் பாபநாசம் மலையடிவாரத்தில் வேம்பையாபுரத்துக்காரர்களும் அனவன்குடியிருப்புக்காரர்களும் பொழுது சாய்ந்தால் வாசலுக்கு வரவே யோசித்தார்கள். ஆட்டையும் நாயையும் தூக்கிப்போன சிறுத்தைகளுக்கு வனத்துறை கூண்டு வைத்தது. சிக்கியவற்றைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டது. கூண்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சிறுத்தை தானாக வந்து நுழைகிறவரை அது எந்தப் புதரில் படுத்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

அந்த இடைவெளியை நிரப்ப வல்லது தெர்மல் கேமரா. அதற்கு வெளிச்சமே வேண்டாம். உடல் விடும் வெப்பத்தையே படமாக்கும். அதைச் சின்ன ட்ரோனில் மாட்டி வயலுக்கு மேல் பறக்கவிட்டால் கும்மிருட்டிலும் மாடும் மனிதனும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவார்கள். செல்போன்களில் பொருத்தவென்று வந்த சிறிய தெர்மல் சென்சார் ஒரு கிராம் எடைகூட இல்லை. இதைக் கையால் ட்ரோனில் பொருத்திப் பார்க்கும் இளைஞர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

ஆனால் கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சென்சாரில் குறுக்குவாட்டில் 160 புள்ளிகள்தான். 50 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு புள்ளிக்குள் தரையில் ஏறத்தாழ ஒரு அடி அகலம் அடங்கிவிடும். மேலிருந்து சிறுத்தை மூன்று நான்கு புள்ளி. வெள்ளாடு இரண்டு மூன்று. எது எது என்று யார் சொல்வது? அமெரிக்க ஏற்றுமதி விதிகளுக்கு உட்பட்டு, இவ்வகைக் கேமராக்கள் விநாடிக்கு ஒன்பது படங்களுக்கு மேல் தருவதில்லை. ட்ரோன் வேகமாகப் போனால் படம் குழம்பும். 640 புள்ளிக் கேமரா வாங்கினால் சிறுத்தை ஒரு டஜன் புள்ளிகளாக விரியும். விலையும் கூடவே ஏறும்.

நம் வெயிலும் ஒரு தடை. சித்திரை மத்தியானத்தில் பொதிகை அடிவாரப் பாறைகள் விலங்கின் உடலைவிடச் சூடாகிவிடும். அப்போது பறக்கவிட்டால் படம் முழுக்கப் பாறைதான். பாறை ஆறிய பிறகு, விடிவதற்கு முந்தைய நேரமே இதற்கு ஏற்றது. களக்காட்டு வாழைத் தோட்டத்தில் வேறு சிக்கல்: அகன்ற இலை வெப்பத்தை மறைத்துவிடும், அடியில் மேயும் பன்றி தெரியாது. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறைக்குள் வந்த சிறுத்தையைத் தேடி தெர்மல் ட்ரோன்கள் பறந்தும் அது சிக்கவில்லை. அதே ஆண்டு உத்தரப்பிரதேசத்தின் பஹ்ரைச்சில், ஓநாய்கள் இருந்த இடம் இதே கருவியால் தெரிந்தது.

வெள்ளத்தில்தான் இதன் முழு மதிப்பும். 2023 டிசம்பர் 17 அன்று தொடங்கிய பேய்மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். குளிர்ந்த வெள்ள நீருக்கு நடுவே மனித உடல் தெர்மல் படத்தில் பளிச்சென்று தெரியும். மழை கொட்டும்போது சின்ன ட்ரோன் பறக்காது. ஆனால் மழை விட்ட இரவில் எந்த மொட்டைமாடியில் ஆள் இருக்கிறது, படகு எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று காட்டும்.

அப்படியானால் ஆளாளுக்கு வாங்கிப் பறக்கவிடலாமா? கூடாது. திருநெல்வேலி மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் என்று பாதுகாப்பு மிக்க இடங்கள் இருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை. கேமராவும் பேட்டரியும் சேர்த்து அதைத் தாண்டினால் மைக்ரோ வகை, தொழிலுக்கு ஓட்ட உரிமம் வேண்டும். இதைவிடப் பெரிய கவலை வேட்டைக்காரர்கள். பன்றிக்கு அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி வைக்கிறவன் கையில் இந்தக் கண் கிடைத்தால், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மிளாவும் மானும் எங்கே படுத்திருக்கின்றன என்பதை அவனுக்கும் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே இந்தக் கருவி அரசு அமைப்பின் கையில், ஆனால் ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சிறுத்தை வந்த மூன்றாம் நாள் வெளியூரிலிருந்து ட்ரோன் வந்து பயனில்லை. அம்பாசமுத்திரம், களக்காடு வனக்கோட்டங்களுக்கு ஒன்று வீதமும், ஆற்றங்கரைத் தீயணைப்பு நிலையங்களுக்குப் பொதுவாக ஒன்றும் போதும். வேட்டைத் தடுப்புக் காவலர்களில் சிலரையே ஓட்டப் பழக்கலாம். மலை அவர்களுக்குத் தெரியும். வீடுகளுக்கு மேல் பறந்தால் யார், எப்போது, எதற்கு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதற்கான உத்தரவை மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் பிறப்பிக்க வேண்டும்.