தொலைக்கை இயக்கமும் சராசரிக் கணக்கும்

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆந் தேதி, நியூயார்க் நகரில் அமர்ந்திருந்த பிரெஞ்சு வைத்தியர் ழாக் மாரெஸ்கோ என்பார், அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால் ஸ்ட்ராஸ்பூரிற் கிடந்த 68 வயது மாது ஒருவரின் பித்தப்பையை ரோபோவின் கைகொண்டு அகற்றினார். அவரது கையசைவு அங்குச் சென்று, அதன் காட்சி இங்கு மீளச் சுமார் 155 மில்லிசெகண்டு ஆயிற்று. செய்தி சென்ற ஒளியிழைத் தொடர் அப்பணிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது.

இன்று அத்தகைய தொலைவியக்கத்தைக் கைபேசி வலையின் வாயிலாக நடத்த ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர். அதிலும், 2018-இல் தோன்றிய ஓ-ரேன் கூட்டமைப்பின் விதிகளைத் தழுவிய திறந்த வலையைச் சோதிப்பாரும் உளர். முன்னெல்லாம் கோபுரத்து ரேடியோவும் அதனை ஆளுங் கணினியும் ஒரே கம்பெனியின் மூடிய பெட்டகமாகவே வந்தன. திறந்த வலையிலோ ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொருவருடையதாக இருக்கலாம். சிறு கலாசாலையும் தன் ஆய்வுக்கூடத்தில் ஒன்றை நிறுவிப் பார்க்கலாமாதலின், யாம் இதனை மனமார வரவேற்கின்றோம்.

நிற்க. சோதனை முடிவைச் சராசரித் தாமதம் என்னும் ஒற்றை எண்ணாற் கூறி அமைவது தகாது என்பதே எமது துணிபு. இயந்திரக் கை சராசரியைக் கேட்டு அசைவதன்று. வந்த கட்டளையைக் கேட்டு அசைவது. 5ஜி வலையின் மிகு நம்பக வகைக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் விதித்த குறியோ, லட்சம் செய்திகளில் 99,999 உரிய நேரத்திற் சேரவேண்டுமென்பது. கேட்க இனிதுதான். ஆயின் தொடுவுணர்ச்சியைத் திருப்பித் தரும் ரோபோவுக்கு வினாடிக்கு ஆயிரஞ் செய்திகள் வேண்டும் என்பர். மணிக்கு 36 லட்சம். அக்குறியை எட்டிய வலையிலும் 36 செய்திகள் தவறலாம். அவை சிதறித் தவறின் பெருங் கேடில்லை. ஒருங்கே தவறின், 36 மில்லிசெகண்டு கத்தி ஆள்வாரின்றி நிற்கும், அல்லது நடுங்கும். திறந்த வலையின் விரைவுக் கட்டுப்பாட்டுக் கணினி இதனைத் தடுக்குமோவெனின், அது 10 மில்லிசெகண்டு முதல் ஒரு செகண்டு வரையுள்ள கால அளவில் திருத்துவது. பிழை நேர்ந்த பின்னரே அதன் கை நீளும்.

ஆதலின் சோதிப்போர், மிகவும் பிந்தி வந்த செய்தி எத்துணை பிந்திற்று என்பதை முதலில் எழுதுக. வெவ்வேறு கம்பெனிகளின் பகுதிகளை இணைத்து, விடுதி மாணவர் அனைவரும் கைபேசியை எடுக்கும் மாலைவேளை போன்ற நெரிசலிற் சோதிக்க. தொடர்பை இடையில் அறுத்து, கை அவ்விடத்தே அடங்கி நிற்கின்றதா எனக் காண்க. பிழை நேரின் ரேடியோக்காரர் கணினிக்காரரையும், கணினிக்காரர் ரேடியோக்காரரையும் சுட்டுவர். விடை சொல்பவர் யாரென்பதை முன்னரே எழுத்தில் வாங்குக. ஆளற்ற கூடத்தில் ஒரே ரோபோவை வைத்து நடத்திய சோதனையை நம்பி, எந்த ஆஸ்பத்திரியும் தன் நோயாளியை அக்கத்தியின் கீழ்க் கிடத்தலாகாது.