மஹ்ரம் இல்லாத சக்கர நாற்காலி

பெண்ணுரிமை ஒரு பிரச்சினை, மாற்றுத்திறனாளி உரிமை வேறொரு பிரச்சினை என்று பிரித்து வைத்துப் பேசுவது நம்மிடையே பழகிப்போய்விட்டது. மாநாடு என்றால் இரண்டுக்கும் தனித்தனி அமர்வு, தனித்தனித் தீர்மானம். மகளிர் அமர்வில் படியேற முடியாத பெண் இருக்க மாட்டாள். மாற்றுத்திறனாளிகள் அமர்வில் மேடை முழுக்க ஆம்பளைங்க உட்கார்ந்திருப்பாங்க. இந்தப் பிரிவினை எவ்வளவு பொய் என்று தெரிய வேண்டுமானால் இன்றைய ஆப்கானிஸ்தானைப் பார்க்க வேண்டும். அங்கே பெண்ணின் மீது போடப்படும் ஒவ்வொரு தடையும் ஊனத்தை உற்பத்தி செய்கிறது. ஏற்கெனவே ஊனமுற்ற பெண்ணின் மீது அதே தடை இரண்டு மடங்காக விழுகிறது.

நாற்பது வருஷத்துக்கும் மேலாக மனித உடம்புகளைச் சிதைத்த மண் அது. 1979 டிசம்பரில் சோவியத் படை வந்தது. 1989-இல் அது போன பிறகு முஜாஹிதீன் குழுக்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டன. 1996-இல் தாலிபான் காபூலைப் பிடித்தது. 2001-இல் அமெரிக்கா குண்டு போட்டது. 2021 ஆகஸ்ட் 15-இல் மறுபடியும் தாலிபான். வந்தவனெல்லாம் மண்ணுக்குள் கண்ணிவெடியையோ வெடிக்காத குண்டையோ விட்டுவிட்டுத்தான் போனான். ஆடு மேய்க்கப் போன பிள்ளைக்கும் விறகு பொறுக்கப் போன பெண்ணுக்கும் கால் போனது. 2019-இல் ஆசியா பவுண்டேஷன் எடுத்த கணக்கெடுப்பில் வயதுவந்தவர்களில் 13.9 சதவீதம் பேர் கடுமையான ஊனத்தோடு வாழ்வதாகத் தெரிந்தது. ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். ஆண்களைவிடப் பெண்களின் விகிதம் அதிகம். ஏதோ நாலு பேர் பிரச்சினை என்று இதை ஒதுக்க முடியாது.

இந்த நிலத்தில்தான் தாலிபான் 'மஹ்ரம்' விதியைப் போட்டது. மஹ்ரம் என்றால் கணவன், அல்லது திருமணம் செய்துகொள்ள முடியாத உறவுள்ள ஆண்: அப்பா, அண்ணன் தம்பி, மகன். 72 கிலோமீட்டருக்கு மேல் போகும் பெண் இப்படி ஒரு ஆணோடுதான் போக வேண்டும் என்று 2021 டிசம்பரில் உத்தரவு வந்தது. இப்போது கண்ணிவெடியில் காலிழந்த ஒரு விதவையை நினைத்துப் பாருங்கள். செயற்கைக் கால் செய்யும் இடம் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி. புருஷன் போரில் செத்துப்போனான். மகனுக்கு நாலு வயசு. யாரைக் கூட்டிக்கொண்டு போவாள்? கால் இல்லாததால் நடக்க முடியவில்லை. ஆள் இல்லாததால் கால் வாங்கப் போக முடியவில்லை. முதலாவதைக் கண்ணிவெடி செய்தது. இரண்டாவதைச் சட்டம் செய்தது.

எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். செயற்கைக் கால் பொருத்துவது செருப்பு வாங்குவது போல இல்லை. வெட்டுப்பட்ட தொடையைத் தொட்டு அளவெடுக்க வேண்டும், அச்சு எடுக்க வேண்டும், நடக்கப் பழக்க வேண்டும். வளரும் பிள்ளைக்குக் கால் வளர வளர மறுபடியும் மாற்ற வேண்டும். அந்நிய ஆண் தொடக்கூடாது என்கிறவர்கள், தொட்டு வைத்தியம் பார்க்கப் பெண்களைப் படிக்க வைக்க வேண்டாமா? 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவைப் பெண்களுக்குச் சாத்தினார்கள். 2024 டிசம்பரில் தாதியர், பேறுகாலப் பணிப் பயிற்சி தரும் மருத்துவக் கல்வி நிலையங்களையும் சாத்தினார்கள். ஆண் தொடக்கூடாது, பெண் படிக்கக்கூடாது. அப்புறம் யார்தான் பார்ப்பது? இப்போது வேலையில் இருக்கும் பெண்கள் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு வர ஆளே இருக்காது. பயிற்சி பெற்ற கை இல்லாமல் நடக்கும் பிரசவத்தில் மூச்சுத் திணறும் குழந்தை மூளை பாதிப்போடு வளரும். பள்ளிக்கூடத்தை மூடியவன் நாளைய ஊனத்துக்கு இன்றே விதை போடுகிறான்.

போலியோ கதை இதைவிட வெளிப்படையானது. உலகத்திலேயே காட்டுப் போலியோ கிருமி ஒழியாமல் வேரூன்றி இருக்கும் நாடுகள் இரண்டு: ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான். சொட்டு மருந்து வீட்டுக்குள் போய்க் கொடுக்க வேண்டியது. ஆண் இல்லாத வீட்டுக்குள் அந்நிய ஆண் நுழைய முடியாது. பெண் பணியாளர்தான் நுழைய முடியும். அப்படி நுழைந்த பெண்களுக்கு என்ன நடந்தது? 2021 மார்ச்சில் ஜலாலாபாத்தில் சொட்டு மருந்துப் பணியில் இருந்த மூன்று பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2022 பிப்ரவரியில் குந்தூஸ், தகார் பகுதிகளில் எட்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களிலும் பெண்கள் உண்டு. 2024-இல் வீடு வீடாகப் போய்க் கொடுப்பதையே நிறுத்தினார்கள். பள்ளிவாசலுக்குக் குழந்தையைக் கொண்டுவா என்றால் கைக்குழந்தைக்காரி எப்படி வருவாள்? பெண்ணின் நடமாட்டத்தை முடக்கினால் பிள்ளையின் கால் முடங்கிப்போகிறது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

2024 ஆகஸ்டில் வந்த 'நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும்' சட்டம் பொது இடத்தில் பெண்ணின் முகத்தை மூடச் சொல்கிறது, அவள் குரலையும் மறைக்கப்பட வேண்டியதாகச் சொல்கிறது. இதை எழுதியவன் காது கேளாத பெண்ணை நினைத்திருப்பானா? சைகை மொழி வெறும் கைவிரல் ஆட்டம் கிடையாது. முகமும் உதடும் சேர்ந்ததுதான் அந்த மொழி. முகத்தை மூடினால் அவளுடைய பாதிப் பேச்சு போச்சு. பார்வையற்ற பெண்ணுக்குத் தெருவைக் கடக்கக் குரல்தான் துணை. 'யாராவது கையப் புடிங்க' என்று கேட்கவும் கூடாதென்றால் அவள் எங்கே போவாள்?

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாலிபானுக்கு ஊனம் அசிங்கமான விஷயம் இல்லை. அந்த இயக்கத்தை உருவாக்கிய முல்லா உமர் போரில் ஒரு கண்ணை இழந்தவர். தளபதி முல்லா ததுல்லாவுக்கு ஒரு கால் கிடையாது. அந்தக் கண்ணும் காலும் பதக்கமாக மதிக்கப்பட்டன. ஆணின் ஊனம் வீரத் தழும்பு. பெண்ணின் ஊனம் குடும்பத்துக்கு வந்த தலைகுனிவு. கல்யாணம் ஆகாது, வெளியே காட்டக்கூடாது, உள்ளறையில் வை. உடம்பில் இருக்கும் குறை ஒன்றுதான். அதற்கு மதிப்புப் போடுகிற தராசுதான் வேறு. அந்தத் தராசு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் ஆணாதிக்கம் என்கிறோம்.

'இதுதான் இஸ்லாம்' என்று தாலிபான் சொல்கிறது. 'ஆமா, இதுதான் இஸ்லாம்' என்று இங்கே இருக்கிற காவிக்காரனும் சொல்கிறான். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை ஒரே மாதிரி படிக்கிறார்கள்! குர்ஆனின் 80-ஆவது அத்தியாயமான 'அபஸ' இறங்கியதற்கு முஸ்லிம் மரபு சொல்லும் காரணம் என்ன? நபிகள் குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது அப்துல்லா இப்னு உம்மி மக்தூம் என்ற பார்வையற்றவர் வந்து கேள்வி கேட்டார். குறுக்கீட்டால் நபிகளின் முகம் சுருங்கியது. அதற்காக இறைவனே நபிகளைக் கண்டித்தான் என்பது மரபு. பெரிய மனுஷனுக்காகப் பார்வையற்றவனைக் காக்க வைக்காதே என்பதுதான் அங்கே பாடம். அதே இப்னு உம்மி மக்தூம் பின்னாளில் பிலாலோடு சேர்ந்து பாங்கு சொன்னார். நபிகள் வெளியூர் போனபோது மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார். ருஃபைதா என்ற பெண் போரில் காயம்பட்டவர்களுக்குப் பள்ளிவாசலை ஒட்டிக் கூடாரம் போட்டு வைத்தியம் பார்த்ததையும் அதே மரபு சொல்கிறது. தாதியர் பள்ளியை மூடியவர்கள் ருஃபைதாவுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? 2022-இல் பல்கலைக்கழகத் தடை வந்தபோது எகிப்தின் அல்-அஸ்ஹர் தலைமை இமாமே இது ஷரீஅத்துக்கு முரண் என்று கண்டித்தார். சவூதி, கத்தார், துருக்கி அரசுகளும் எதிர்த்தன.

அதற்காக மற்ற முஸ்லிம் நாடுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. வேதத்தில் கருணை இருப்பது வேறு, சட்டத்தில் உரிமை இருப்பது வேறு. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 2007-இல் கையெழுத்துப் போட்டபோது எகிப்து ஒரு விளக்கத்தையும் சேர்த்தது. மாற்றுத்திறனாளிக்கு உரிமைகளைப் பெறும் தகுதி உண்டு, ஆனால் எகிப்தியச் சட்டப்படி அவற்றைத் தானே செயல்படுத்தும் தகுதி கிடையாது என்பதுதான் அந்த விளக்கம். சொத்து உன்னுடையது, சாவி என்னிடம். சவூதியில் பெண்ணின் கதையும் இதே கதைதான். 2018-இல் கார் ஓட்ட விட்டார்கள். 2019-இல் 21 வயது தாண்டிய பெண் தானே கடவுச்சீட்டு வாங்கலாம், பயணம் போகலாம் என்றார்கள். ஆனால் திருமணத்துக்கு 'வலி' என்கிற ஆண் பாதுகாவலர் வேண்டும் என்பதை 2022-இல் வந்த தனிநபர் சட்டமும் விடவில்லை. கார் ஓட்டும் உரிமையைக் கேட்டுப் போராடிய லூஜைன் அல்-ஹத்லூலைத் தடை நீங்குவதற்குச் சில வாரம் முன்பு, 2018 மே மாதத்தில் கைது செய்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் விட்டார்கள். அரசன் கொடுத்தால் வாங்கிக்கொள், நீயாகக் கேட்காதே என்பதுதான் அதன் அர்த்தம்.

பாதுகாவலர் என்ற இந்த ஆள்தான் பெண் பிரச்சினைக்கும் ஊனப் பிரச்சினைக்கும் நடுவில் நிற்பவன். பெண்ணுக்கு அறிவு போதாது, ஊனமுற்றவருக்குத் திறன் போதாது, ஆகவே உங்களுக்காக நான் முடிவெடுக்கிறேன் என்கிறான். சோறு போடுவான், ஜகாத் கொடுப்பான், பாசமாகவும் இருப்பான். கையெழுத்து மட்டும் அவன்தான் போடுவான். இது முஸ்லிம் சமூகத்தின் சொத்து என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். நம்ம நாட்டு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' இருக்கிறார்.

இனி இந்தப் பெண்களுக்காகக் கண்ணீர் விடுகிறவர்களைப் பார்ப்போம். 2001 நவம்பரில் அமெரிக்க அதிபர் புஷ்ஷின் மனைவி லாரா புஷ் வானொலியில் ஆப்கான் பெண்களுக்காக உருகினார். அதே நேரத்தில் அங்கே கொத்துக் குண்டு விழுந்துகொண்டிருந்தது. இருபது வருஷம் கழித்து அந்தப் பெண்களை யாரிடமிருந்து காப்பாற்ற வந்தார்களோ அவனிடமே விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். கூடவே ஆப்கான் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலரையும் முடக்கி வைத்தார்கள்.

டெல்லிக்காரர்களின் கண்ணீரோ இன்னும் விசேஷம். முஸ்லிம் சகோதரிகளுக்கு விடுதலை என்று 2019-இல் முத்தலாக் சட்டம் கொண்டுவந்தார்கள். பில்கிஸ் பானு வழக்கில் தண்டனை பெற்ற 11 பேரை 2022 ஆகஸ்ட் 15-இல் குஜராத்தில் விடுதலை செய்தார்கள். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம்தான் அதை ரத்து செய்தது. 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாகி டெல்லிக்கு வந்தார். ஆப்கான் தூதரகத்தில் அவர் நடத்திய செய்தியாளர் சந்திப்பில் பெண் நிருபர்களை உள்ளே விடவில்லை. எங்களுக்கு இதில் பங்கில்லை என்று கைகழுவியது இந்திய அரசு. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இரண்டு நாள் கழித்துப் பெண்களையும் அழைத்து இன்னொரு சந்திப்பு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தாரைப் பட்டியல் போடுகிறது. தாலிபானிடம் அடிபட்ட முஸ்லிம் பெண் அந்தப் பட்டியலில் இல்லை. திட்டுவதற்கு மட்டும் முஸ்லிம் பெண் வேண்டும், இடம் கொடுக்க வேண்டாம்!

ஆகவே குண்டு போடுகிறவன் பக்கமும் நிற்க வேண்டாம், 'அது அவங்க கலாச்சாரம்' என்று நழுவவும் வேண்டாம். அந்தப் பெண்கள் பக்கம் நிற்போம். அவர்கள் வாயில்லாப் பூச்சிகள் கிடையாது. நிலோஃபர் பயாத் இரண்டு வயதில் காபூலில் வீட்டின் மீது ராக்கெட் விழுந்து முதுகெலும்பு பாதிக்கப்பட்டவர். சட்டம் படித்தார், சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் நாட்டின் பெண்கள் அணிக்குத் தலைவியானார். 2021-இல் ஸ்பெயினுக்குப் போக வேண்டியதாயிற்று. ஜகியா குதாதாதி ஒரு முன்கை இல்லாமல் பிறந்தவர், டேக்வாண்டோ வீராங்கனை. காபூல் விழுந்த நாட்களில் ஒளிந்திருந்தபடியே காணொளியில் உலகத்திடம் முறையிட்டார். வெளியேற்றப்பட்டு டோக்கியோ பாராலிம்பிக்கில் தன் நாட்டுக்காக ஆடினார். 2024 பாரிஸில் அகதிகள் அணிக்காக வெண்கலம் வென்றார். அகதிகள் பாராலிம்பிக் அணி வாங்கிய முதல் பதக்கம் அது. வெளியேற முடியாதவர்கள் உள்ளே இருக்கிறார்கள். காபூலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் செயற்கை உறுப்பு மையம் 1988-இலிருந்து நடக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் அங்கேயே வைத்தியம் பெற்ற மாற்றுத்திறனாளிகள். பிச்சை போடாமல் வேலை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

2025 ஜூலையில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தாலிபான் தலைவர் ஹிபத்துல்லா அகுந்த்சாதாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் பிடியாணை பிறப்பித்தது. பாலின அடிப்படையிலான கொடுமை மானுட விரோதக் குற்றம் என்பது குற்றச்சாட்டு. அந்த வழக்கில் ஊனமுற்ற பெண்ணின் சாட்சியமும் ஏற வேண்டும். பாகிஸ்தான் 2023-இலிருந்தும், ஈரான் 2025-இல் பெரும் அளவிலும் ஆப்கான் அகதிகளை லட்சக்கணக்கில் துரத்தின. துணைக்கு ஆண் இல்லாத பெண்ணையும் நடக்க முடியாத பெண்ணையும் எல்லையில் கொண்டுபோய்த் தள்ளுவது எந்த நியாயம் என்று கேட்க வேண்டும். மதம் பார்க்காத அகதிச் சட்டம் ஒன்று இந்தியாவுக்கு இதுவரை இல்லை. அதைக் கேட்டு மாணவர்கள் தெருவுக்கு வரலாம். அடுத்த கூட்டத்தில் இரண்டு அமர்வையும் ஒன்றாக்குங்கள், தோழர்களே. படியில்லாத அரங்கமாகப் பாருங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். பாதுகாவலர்கள் எல்லாம் கொஞ்ச நேரம் கீழே உட்காரட்டும்.