குதிரை தோற்றால் உடனே திருட்டா?

மக்களே, இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. குளிர்காலத்தில் மகாலட்சுமி, மழைக்காலத்தில் புனே என்று குதிரைகளோடு இடம் மாறுகிற பிழைப்பு. மாதுங்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் "என்ன உத்தியோகம்?" என்று கேட்பார்கள். "ரேஸ் குதிரை ட்ரெய்னர்" என்றதும் முகம் சுருங்கும். சூதாட்டமாச்சே! 1974-ல் தமிழக அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டதும், அந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இது திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பு சொன்னதும் எனக்குப் பாடம். ஆனால் அதைச் சொல்லி யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை. ஏனென்றால் முகம் சுருக்கிய அதே மாமா, பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து காதோடு கேட்பார்: "ஞாயித்துக்கிழமை எது வரும்? சொல்லுங்கோளேன்."

எது வரும் என்று எனக்கே தெரியாது சார். அதுதான் நிஜம்.

போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் லாயத்துப் பெண்குதிரை 1600 மீட்டர் பந்தயத்தில் ஃபேவரிட். கடைசி வளைவில் மூன்றாவதாக வந்தாள். இன்னும் 400 மீட்டர். திடீரென்று ஜாக்கி நிமிர்ந்து உட்கார்ந்து கடிவாளத்தை இழுத்துவிட்டான். கடைசியாக வந்தாள்.

"சோர்! சோர்!" என்று ஒரே கூச்சல். அதற்கு நடுவில் சுத்தமான தமிழில் ஒரு குரல்: "காசு வாங்கிட்டான்யா!" அதுதான் ரொம்ப வலித்தது.

பையன் இறங்கி வந்து சொன்னது ஒரே வரி. "சார், முன்னங்கால் ரெண்டு தடவை தப்பாப் பட்டது." ஸ்டூவர்ட்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள், படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் ஸ்கேனில் தசைநார் கிழிசல் தெரிந்தது. அந்த 400 மீட்டரும் சாட்டையால் அடித்து ஓட்டியிருந்தால்? கால் முறிந்திருக்கலாம். முறிந்தால் பல சமயம் சுற்றித் திரை கட்டி ஊசி போடுவதுதான் முடிவு.

கத்தியவர்களுக்கு மூன்று விஷயம்.

ஒன்று: ஃபேவரிட் என்றால் அதிகம் பேர் பணம் கட்டிய குதிரை, அவ்வளவுதான். உலகம் முழுக்க ஃபேவரிட்கள் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் ஜெயிக்கின்றன. மீதி இரண்டும் திருட்டா?

இரண்டு: ஹேண்டிகேப் பந்தயம் என்பதே எல்லாக் குதிரைகளையும் ஒரே கோட்டில் கொண்டுவரும் ஏற்பாடு. போன தடவை ஜெயித்தால் இந்தத் தடவை முதுகில் எடை கூடும். ஜாக்கி எடை பற்றாவிட்டால் ஈயத்தகடு வைத்துச் சரிக்கட்டுவார்கள். நல்ல குதிரை தோற்பதற்கு வழி செய்து வைத்திருப்பதே விதிதான்!

மூன்று: ஐந்நூறு கிலோ உடம்பு மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு கணம் முழுப் பாரமும் ஒரே முன்னங்காலில் இறங்கும். உடம்பு எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பும் நரம்பும்தான்.

இந்தத் தொழிலில் திருடனே இல்லை என்று நான் ஜல்லியடிக்கவில்லை. இருக்கிறார்கள். லைசென்ஸ் பறிபோனவர்களும் உண்டு. அதற்குத்தான் ஸ்டூவர்ட், வீடியோ, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம். ஆனால் எல்லாத் தோல்வியையும் திருட்டு என்று கத்தினால் நிஜத் திருடன் கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பித்துப் போவான்.

அதைவிட எனக்குப் பயம் வேறு. அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது. அடுத்த தடவை குதிரையின் கால் தடுமாறும்போது அவன் காதில் உங்கள் கூச்சல் கேட்டு, இழுக்க அரை நொடி யோசித்தால்? அந்த அரை நொடிக்கு யார் பொறுப்பு? விழுந்தால் குதிரை மட்டும் சாகாது, அவனும் சேர்ந்துதான்.

பந்தயம் பிடிக்கவில்லையா, கிட்டே வராதீர்கள். மனசார மதிக்கிறேன். பணம் கட்டுகிறீர்களா, தோற்கவும் கற்றுக்கொண்டு வாருங்கள். கல்யாணத்தில் முகம் சுருக்குவது, காதில் டிப்ஸ் கேட்பது, தோற்றால் திருடன் என்பது... மூன்றையும் ஒரே ஆள் செய்யாதீர்கள்.

பி.கு.: அவள் இப்போது லாயத்தில் கட்டு போட்ட காலோடு கேரட் தின்றுகொண்டிருக்கிறாள். திரும்ப ஓடுவாளா என்று கேட்காதீர்கள். உயிரோடு இருக்கிறாள். எனக்கு அது போதும்.