காலி செய்ய மறுத்தவர்கள்

சுற்றுச்சூழல் போராட்டங்களில் அரசின்மைவாதிகள் கலந்துகொண்டால் செய்தியில் இடம்பிடிப்பவை முகமூடியும் உடைந்த கண்ணாடியும்தான். பிரான்ஸில் நாந்த் நகருக்கு வடக்கே நோத்ர்-தாம்-தே-லாந்த் என்ற சிற்றூரில் அவர்கள் செய்த வேலை வேறு. விமான நிலையத்துக்காக ஒதுக்கிய நிலத்தில் குடியேறினார்கள், பயிர் வைத்தார்கள், போகச் சொன்னபோது போக மறுத்தார்கள். அந்த விமான நிலையம் கட்டப்படவே இல்லை.

திட்டம் 1960களில் பிறந்தது. 1974-ல் நிலம் ஒதுக்கப்பட்டது. எண்ணெய் நெருக்கடியில் கிடப்பில் போடப்பட்ட திட்டம் 2000-ல் தூசி தட்டப்பட்டு, 2008-ல் பொதுநலத் திட்டமாக அறிவிக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகள் யாரும் கை வைக்காததால், வேலிமரங்களும் குட்டைகளும் சதுப்புப் புல்வெளிகளும் அங்கே தப்பிப் பிழைத்திருந்தன. எழுபதுகளிலிருந்தே எதிர்த்துவந்த விவசாயிகள் இருந்தார்கள். வழக்கறிஞர்கள் இருந்தார்கள். பின்னாளில் இயற்கை ஆய்வாளர்களும் வந்து, அரசின் ஆய்வறிக்கை விட்டுவிட்ட உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். இல்லாதது ஒன்றுதான்: காலியாகிக்கொண்டிருந்த வீடுகளில் குடியிருக்க ஆட்கள். 2009-ல் அங்கு நடந்த பருவநிலை முகாமுக்கு வந்த இளைஞர்களை உள்ளூர்க்காரர்களே தங்கச் சொன்னார்கள்.

அரசின்மைவாதிகள் பலர் இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். தலைவர் கிடையாது, முடிவுகள் கூட்டம் கூடிப் பேசி எடுக்கப்பட்டன. ரொட்டி சுட்டார்கள், மாடு வளர்த்தார்கள். வாரச் சந்தையில் விலைப்பட்டியல் வைக்கவில்லை. முடிந்ததைக் கொடுத்துவிட்டு வேண்டியதை எடுத்துப் போகலாம். 2012 அக்டோபரில் நூற்றுக்கணக்கான காவலர்கள் வந்து குடிசைகளை இடித்தார்கள். நவம்பர் 17 அன்று பல்லாயிரம் பேர் பலகையும் ஆணியும் சுமந்துவந்து, காட்டுக்குள் புதிய வீடுகளை எழுப்பினார்கள். அவற்றைச் சுற்றி விவசாயிகள் டிராக்டர்களைக் கொண்டுவந்து சங்கிலியால் பிணைத்து நிறுத்தினார்கள். சொத்து வைத்திருக்கும் விவசாயியும் சொத்துரிமையையே ஏற்காத இளைஞரும் ஒரே அரணுக்குள் நின்ற அந்தக் காட்சியில்தான் இந்தப் போராட்டத்தின் பலம் இருந்தது. வழக்கு மட்டும் இருந்திருந்தால் தீர்ப்பு வருவதற்குள் கான்கிரீட் விழுந்திருக்கும். குடியேற்றம் மட்டும் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் கலைத்திருப்பார்கள்.

இந்தக் கூட்டணிக்குச் சங்கடமான ஒரு கேள்வியும் உண்டு. 2016 ஜூனில் லுவார்-அத்லாந்திக் மாவட்டத்தில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 55 விழுக்காட்டினர் விமான நிலையத்தை ஆதரித்தார்கள். பெரும்பான்மையை மீறி ஒரு குழு நிலத்தைப் பிடித்து வைத்திருப்பது நியாயமா? நியாயம்தான் என்றே நான் கருதுகிறேன். நிலம் பறிபோகவிருந்த ஊர் எதிர்த்து வாக்களித்தது. விமானங்களின் புகையோ அந்த மாவட்ட எல்லையோடு நிற்பதில்லை; அதைச் சுமக்கப்போகும் தலைமுறைக்கு அன்று வாக்கும் இல்லை.

2018 ஜனவரி 17 அன்று பிரதமர் எதுவார் பிலீப் திட்டத்தைக் கைவிட்டார். அதன்பின் வந்த மாதங்கள்தான் கசப்பானவை. ஏப்ரலில் சுமார் 2,500 காவலர்கள் மீண்டும் வந்து வீடுகளை இடித்தார்கள். நிலத்தில் தொடர வேண்டுமானால் ஒவ்வொருவரும் தனித்தனியே பண்ணைத் திட்டம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றது அரசு. அரசிடம் மனுப் போடுவதா என்று இயக்கம் பிளந்தது. கையெழுத்திட்டவர்களைத் துரோகிகள் என்றவர்கள் உண்டு. அவர்கள் கையெழுத்திட்டது சரி என்பதே என் எண்ணம். இன்று அந்த நிலத்தில் ஏர் ஓடுவது அதனால்தான். கையெழுத்திட மாட்டோம் என்று வெளியேறியவர்களின் வலியும் பொய்யல்ல. முதல் இரவுகளில் குளிரில் காவல் காத்தவர்கள் அவர்களும்தான்.

வன்முறை பற்றிய கணக்கில் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். பிரான்ஸிலேயே வேறோர் இடத்தில், சிவான்ஸ் அணைத் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தில் 2014 அக்டோபரில் 21 வயது இளைஞர் ஒருவர் காவல் படையின் எறிகுண்டால் உயிரிழந்தார். போராட்டக்காரர்கள் இயந்திரங்களைச் சேதப்படுத்தியதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இயந்திரத்தையும் மனித உயிரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

நோத்ர்-தாம்-தே-லாந்த் நிலத்தில் 2021-ல் உருவான 'மண்ணின் எழுச்சிகள்' இயக்கத்தைப் பிரெஞ்சு அரசு 2023 ஜூனில் கலைத்தது. அந்த இயக்கம் சொத்துகளைச் சேதப்படுத்தத் தூண்டியது உண்மைதான். ஆனால் அதற்காக இயக்கத்தையே கலைப்பது அளவுக்கு மிஞ்சிய நடவடிக்கை என்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பர் 9 அன்று அந்த ஆணையை ரத்து செய்தது.