உயிர் பிழைத்தான், பள்ளிக்கு எப்போது போவான்?

அடிபட்ட பிள்ளை மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பினால், கண்டம் தாண்டியது என்று சொல்வோம். தண்டுவடம் அடிபட்ட பிள்ளைக்கு அன்றுதான் பாடு தொடங்குகிறது. அதைச் சுமக்கக் காலனிக் குடும்பங்கள் தனியே விடப்படுகின்றன.

நம் மாவட்டத்துக் காலனி ஒன்றில் எட்டாம் வகுப்பு படித்த 13 வயதுச் சிறுவனை, விடுமுறை நாளில் இளநீர் பறிக்கத் தென்னை மரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். விழுந்துவிட்டான். தோளில் தூக்கிவந்து ஆட்டோவில் உட்கார வைத்து ஓடினார்கள். காலனித் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழைய வழியில்லை. அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. தோப்புக்காரர் 5,000 ரூபாய் கொடுத்து, "பையன் தானாத்தான் ஏறினான்" என்று கதையை முடித்துவிட்டார். 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பது குற்றம் என்று அவரிடம் சொல்ல ஊரில் ஆளில்லை.

நாங்கள் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீரைக் குழாய் வைத்து எடுக்க வேண்டும். சுத்தம் தவறினால் தொற்று வந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அம்மா நூறு நாள் வேலையை விட்டுவிட்டார். அப்பா செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியிருக்கிறார். பத்தாம் வகுப்பு படித்த அக்கா, தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள். அரசு கொடுத்த சக்கர நாற்காலி வாசலில் கிடக்கிறது. மழை பெய்தால் சேறாகும் தெருவில் அதை எங்கே உருட்டுவது?

"எல்லாம் தலையெழுத்து" என்கிறார்கள். மரத்திலிருந்து விழுந்தது விபத்து. ஊர்த் தெருவுக்குச் சிமெண்ட் சாலையும் காலனிக்குச் சேறும் என்பதை எந்தத் தலையெழுத்தில் சேர்ப்பது? அது ஊர் எடுத்த முடிவு.

தண்டுவடம் அடிபட்டால் வாழ்க்கை முடிந்தது என்பதும் பொய். 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தார். கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர்களுக்கு மன உறுதி மட்டுமா இருந்தது? பயிற்சியும் கருவியும் துணைக்கு ஆட்களும் இருந்தார்கள். நம் பிள்ளைக்கும் அவைதான் வேண்டும்.

இது யாரிடமும் கையேந்துகிற விஷயமல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்புள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அரசு நிலம், வீடு ஒதுக்கும் திட்டங்களில் 5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வர வேண்டும். இவற்றில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது நாற்காலி ஒன்றுதான். மற்றவற்றைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவே இல்லை.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இங்கேதான் உதவ வேண்டும். அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு உடன் போங்கள். இன்னொன்றையும் காலனியில் எல்லோருக்கும் சொல்லுங்கள்: உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து, உடம்பு வளையாமல், பலகையில் கிடத்துங்கள். தவறாகத் தூக்கினால் பாதிப்பு இன்னும் கூடலாம்.

அடுத்த கிராம சபையில் காலனி மக்கள் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுத வைக்க வேண்டும்: காலனித் தெருவுக்குச் சிமெண்ட் சாலை, பள்ளிக்குச் சாய்தளம், அந்தப் பிள்ளை போய்வரக்கூடிய கழிப்பறை. கையெழுத்துப் போடுமுன் தீர்மானப் புத்தகத்தில் அவை இருக்கின்றனவா என்று வாசித்துப் பாருங்கள். தம்பி பள்ளிக்குப் போகும் நாளில்தான் அக்காவும் போக முடியும்.