வெட்டுக்கிளிக்கும் கே.ஒய்.சி. கேளுங்க!

"காட்டுல இருக்கற பச்சோந்திக்கு யாரு சார் பண்ணைப் பூச்சி வாங்கிப் போடறாங்க? நாம பார்க்குல பிடிச்சுப் போட்டா என்ன?"

தில்லியில் பச்சோந்தி வளர்க்கும் நம்மூர்க் குடும்பங்களில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுவிட்டேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுத்த அபத்தம். திட்டுவதானால் முழுசும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் ஒரு விஷயம். ஊர் வேலியோரம் பார்த்த நாட்டுப் பச்சோந்தியை டப்பாவில் போட்டு ரயிலேற்றிக் கொண்டுவருவது 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு இரை பற்றிய யோசனையே வேண்டாம், மரத்திலேயே இருக்கட்டும். நான் பேசுவது ஏமன் பச்சோந்தி போன்ற வெளிநாட்டு இனங்களை முறையாக வாங்கி, பரிவேஷ் தளத்தில் பதிவும் செய்து வைத்திருப்பவர்களிடம்.

வங்கியில் கணக்கு தொடங்க வருகிறவரிடம் நீங்கள் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று துருவித் துருவிக் கேட்கிறோம். பூச்சியிடமும் அதே கேள்விதான். எங்கே இருந்தாய்? என்ன தின்றாய்?

தில்லிப் பூச்சி என்ன பதில் சொல்லும்? மழை முடிந்தால் டெங்கு சீசன். தெருத்தெருவாகப் புகை அடிக்கிறார்கள். பார்க்கில் செடிக்கு மருந்து. யமுனைக் கரைத் தோட்டங்களில் காய்கறிக்கு மருந்து. பட்டப்பகலில் சமையலறையில் தள்ளாடிக்கொண்டு வரும் கரப்பான்? அது அநேகமாக நாம் வைத்த விஷத்தைத் தின்ற கரப்பான்தான். சுலபமாகக் கையில் சிக்குவதும் இந்த மாதிரிப் பூச்சிதான்!

2020 ஜூன் 27 அன்று குருகிராம் மேல் வெட்டுக்கிளிப் படை வந்தது ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் படையெடுத்த வெட்டுக்கிளிகள் மேல் மாலத்தியான் தெளித்தார்கள். அதில் ஒன்றைப் பிடித்துப் போட்டிருந்தால்?

இரை வழியாக விஷம் ஏறும் கதை நமக்குப் புதுசும் இல்லை. டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாட்டின் பிணத்தைத் தின்றே பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாட்டுக்கு அந்த மருந்து கூடாது என்று தடை வந்தது 2006இல்.

மருந்தே படாத பூச்சியும் எல்லாம் சாது இல்லை. எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக உட்கார்ந்திருக்குமே, அந்த வெட்டுக்கிளி எருக்கின் நஞ்சை உடம்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. மின்மினி இன்னும் மோசம். அமெரிக்காவில் வீட்டில் வளர்த்த தாடி ஓணான்கள் மின்மினியைத் தின்று செத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். கம்பளிப்பூச்சியும், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பளிச்சென்ற நிறத்தில் இருப்பதும் வேண்டவே வேண்டாம்.

"காட்டுல மட்டும் சாகலையா?" சாகிறது சார். தப்பானதைத் தின்றது அங்கேயும் சாகும். நம் லெட்ஜரில் அது ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. வெளிப்பூச்சியில் வகை அதிகம், சத்தும் பலவிதம். பண்ணைச் சிள்வண்டில் கால்சியம் குறைவு. அதற்குத்தான் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பா, முட்டை அட்டை, நன்றாகக் கழுவிய கேரட், கீரை இருந்தால் சிள்வண்டு வீட்டிலேயே பெருகும். பிள்ளைகளுக்கும் நல்ல பொழுதுபோக்கு.

வெளியில்தான் பிடிப்பேன் என்று அடம் பிடித்தால், மருந்தே அடிக்காத இடம் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். பெயர் தெரிந்த பூச்சியாக இருக்க வேண்டும். பச்சோந்தியின் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இரண்டு நாள் தனியாக வைத்துத் தீனி போட்டுப் பாருங்கள். தள்ளாடினால் குப்பைக்கு. தள்ளாடாவிட்டாலும் வயிற்றுப் புழு ஒட்டிக்கொள்ளும் அபாயம் போகாது, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் மலப் பரிசோதனை செய்வது நல்லது.

இவ்வளவு தொல்லையா என்றால், பச்சோந்தி வாங்காதீர்கள். கூண்டுக்குள் நீங்கள் எதைப் போடுகிறீர்களோ அதுதான் அதற்குச் சாப்பாடு. வேறு கிளைக்குப் போய் வேறு பூச்சி தேட அதற்கு வழியில்லை.